ஆற்றுக்குப் போட்ட தண்டோரா

ஆலங்கோட்டையை ஆண்ட பூவராக ராயருக்கு நாற்பது வயதுக்கு மேல் படிப்பில் ஆசை வந்தது. வந்த இடம் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அவருடைய மைத்துனர், தாம் ‘முற்றும் கற்றவர்’ பட்டம் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே பாயசத்தை உறிஞ்சினார். அதற்குப் பிறகு ராயருக்குப் பாயசம் இறங்கவில்லை.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தது ஆலங்கோட்டையின் பழைய பள்ளிக்கூடம்தான். அங்கே ஏட்டுப் பாடமும் உண்டு, கைப்பாடமும் உண்டு. இலக்கணமும் கணக்கும் படித்தால் மட்டும் போதாது. சோறு பொங்க வேண்டும், பானை வனைய வேண்டும், கடைசியாக மஞ்சனாற்றை நீந்திக் கடக்க வேண்டும். எல்லாவற்றிலும் தேறியவருக்கே பட்டம். ராயர் மறுநாளே போய்ச் சேர்ந்தார். சேர்ந்த கையோடு ஓர் ஆணையும் போட்டார். எல்லாப் பாடத்திலும் தமக்கே முதலிடம் வரவேண்டும். தராத வாத்தியார் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போய்விட வேண்டும்.

வாத்தியார்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள். என்ன செய்வார்கள்? ராயர் ‘மரங்கள் விழுந்தது’ என்று எழுதினார். ஒரே நேரத்தில் விழுந்த மரங்களை ஒருமையில் சொல்லலாம் என்று இலக்கண வாத்தியார் அன்றைக்கே புது விதி செய்தார். ஏழெட்டு ஐம்பத்திரண்டு என்றார் ராயர். மீதி நாலு வரிக்குப் போயிற்று என்றார் கணக்கு வாத்தியார். ராயர் பொங்கிய பொங்கலைத் தின்ற சமையல் வாத்தியாருக்குக் கண்ணில் நீர் தாரை தாரையாக வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று அவரே சொல்லிவிட்டார். ஓட்டைப் பானையைப் பார்த்த குயவர், பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்க இதைவிட வாகான பாத்திரம் கிடையாது என்றார்.

ராயருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் தம் மூளையை வீணடித்துவிட்டோமே என்று ராணியிடம் வருத்தப்பட்டுக்கொண்டார்.

குளத்துப் பயிற்சியில் நீச்சல் வாத்தியாரையே ஜெயித்தாயிற்று, மிச்சம் இருந்தது ஆற்று நீச்சல். அதற்குள் மலையில் மழை கொட்டி, மஞ்சனாறு கரை முட்ட ஓடியது. பரீட்சையைத் தள்ளிப் போடலாம் என்று மந்திரிகள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்கள். மைத்துனருக்கு அழைப்பு போய்விட்டது, ஆற்றங்கரையில் பந்தலும் போட்டாகிவிட்டது, நான் இறங்கியே தீருவேன் என்று ராயர் ஒற்றைக்காலில் நின்றார்.

நீச்சல் வாத்தியார் சேந்தன் நேராகக் குழல்வாய்மொழியின் வீட்டுக்கு ஓடினான். பக்கத்து ராஜாக்களிடம் தூது போகிற உத்தியோகம் அவளுக்கு. சண்டைக்கு நிற்கிறவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுத் திரும்பி வருகிறவள் என்று பெயர்.

“ராஜா மூழ்கினால் என் தலை போகும். நீந்தத் தெரியாது என்று நானே சொன்னால் வீடு வாசல் போகும். என்ன செய்யட்டும், அம்மா?” என்றான்.

குளத்தில் உன்னை ஜெயித்தாரே, அது எப்படி என்று அவள் கேட்டாள். குளத்தில் தண்ணீர் இடுப்பளவுதான் என்றும், ராஜா கையை மட்டும் வீசிக்கொண்டு காலால் நடந்தார் என்றும், தான் பின்னாலேயே மெதுவாக வந்ததாகவும் சேந்தன் சொன்னான். அவனை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் ஊரே ஆற்றங்கரையில் கூடியது. ராயர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அப்போது குழல்வாய்மொழி தண்டோராக்காரனோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவன் தண்ணீரைப் பார்த்து நின்று முரசைத் தட்டினான்.

“மஞ்சனாற்றுக்கு அறிவிப்பது என்னவென்றால், இன்று மகாராஜாவுக்குப் பரீட்சை. அவர் அக்கரை ஏறுகிற வரைக்கும் ஓடாமல், இடுப்பளவுக்கு வடிந்து நிற்க வேண்டும். தவறினால் எல்லை தாண்டி அனுப்பப்படுவாய்.”

ஆறு ஏற்கெனவே எல்லையைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கிய ஒரு முழுத் தென்னை மரத்தைக் கொண்டுவந்து, ராயருக்கு எதிரிலேயே இரண்டு சுற்று சுற்றி, உள்ளே இழுத்துக்கொண்டது. மரம் எங்கேயோ தூரத்தில் போய்த் தலைகாட்டியது. காலடியில் கரை அதிர்வது ராயருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“என்ன கூத்து இது?” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“மற்ற வாத்தியார்களுக்கு எல்லாம் தங்கள் ஆணை முன்னாடியே போய்விட்டது, மகாராஜா. ஆற்றுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் நானே தூது வந்தேன். நின்று கேட்கமாட்டேன் என்கிறது.”

ராயர் சேந்தனைக் கூப்பிட்டார். “உண்மையைச் சொல். அன்றைக்குக் குளத்தில் நான் நீந்தினேனா?”

சேந்தன் தலையைத் தூக்கவில்லை. “நன்றாக நடந்தீர்கள், மகாராஜா.”

பந்தலுக்குள் மைத்துனர் வாயைப் பொத்திக்கொண்டார். ராயரின் முகம் சிவந்தது. இலக்கணம், கணக்கு, பொங்கல், பானை எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு விளங்க ஆரம்பித்தது. வாத்தியார்கள் வரிசையாகக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை ஒன்றும் சொல்ல முடியாமல் கோபம் எல்லாம் ஆற்றின் மேல் திரும்பியது.

“இத்தனை பேர் எனக்கு முதலிடம் கொடுத்தார்கள். இந்த ஆற்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு திமிர்?”

“அவர்கள் எல்லாரும் தங்கள் உப்பைத் தின்கிறவர்கள், மகாராஜா,” என்றாள் குழல்வாய்மொழி. “ஆற்றுத் தண்ணீரில் உப்பு கிடையாது.”

ராயர் அவளை முறைத்தார். முறைப்பு பாதியிலேயே உடைந்தது; அவர் சிரித்த சிரிப்பில் தார்ப்பாய்ச்சிக் கட்டியது அவிழ்ந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே ஆணையை ரத்து செய்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

அடுத்த வாரம் மிதப்பதற்குச் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளோடு ஆழமான குளத்தில் இறங்கினார். கடைசியாகத்தான் கரை சேர்ந்தார். மகாராஜாவுக்குக் கடைசி இடம் என்று சேந்தன் ஊர் கேட்கச் சொன்னான். அவனுக்கு ஒரு பட்டு வேட்டி கிடைத்தது.