தையல்நாயகிக்கு வந்த விக்கல்

"எல்லாரையும் விட்டாச்சு சாமி. அலுப்பு மட்டும் என்னை விடமாட்டேங்குது."

தையல்நாயகி இப்படி முறையிட்டபோது சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்த அலுப்பு?"

"தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு."

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடம், மடம் என்று சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக இல்லை. நாலு அறை, ஒரு அடுப்படி, ஒரு கிணறு. சாமிக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். தையல்நாயகிக்கு அறுபது தாண்டிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

ஊருக்கெல்லாம் செய்து செய்து, கடைசியில் மனுஷ வாடையே வேண்டாம் என்று இங்கே வந்தவள். பந்தியில் உட்கார மாட்டாள். எல்லோரும் கை கழுவிய பிறகு தனியாகச் சாப்பிடுவாள். அதற்குப் பெயர் அமைதி என்று அவளே முடிவு செய்துகொண்டிருந்தாள்.

"காவி குடுங்க சாமி. கட்டிக்கிட்டா ஒருவேளை சரியாயிடும்."

"எல்லாரையும் விட்டுட்டீங்களா?"

"எல்லாரையும்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, விக்கல் வந்தது.

சாமி கீரையை ஒதுக்கி வைத்தார்.

"யாரோ நினைக்கிறாங்க."

"நான் நர்ஸா இருந்தவ சாமி. விக்கல் எதனால வருதுன்னு எனக்குத் தெரியும்."

"எதனால?"

"வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல..."

மீதியை விக்கல் தின்றுவிட்டது. அவள் மூக்கைப் பிடித்து, மூச்சை அடக்கிப் பார்த்தாள். நிற்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

"இருங்க. சின்ன வயசுல விக்கல் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஒவ்வொரு பேரா சொல்லுவோம். எந்தப் பேருக்கு நிக்குதோ, அவங்கதான் நினைக்கிறாங்கன்னு அர்த்தம்."

"சொல்லுங்க."

"அது விளையாட்டு சாமி."

"விளையாடி எத்தனை நாளாச்சு?"

பதிலுக்கு விக்கல்தான் வந்தது. அவள் உட்கார்ந்தாள்.

"குமரகுரு."

"யாரு?"

"என் மகன். புனேல இருக்கான். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். சாப்டியாம்மான்னு கேப்பான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, சரி வச்சிடறேன்னுடுவான்."

விக்.

"அவன் இல்லை."

"அடுத்து?"

"எங்க வீட்டுக்காரர்."

"பேரைச் சொல்லணும்."

தையல்நாயகி சுற்றுமுற்றும் பார்த்தாள். கணவர் உயிரோடு இருந்தவரைக்கும் அவள் ஒருநாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகனை விட்டுத்தான் சொல்லச் சொல்வாள். செத்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று இப்போது தைரியம் வந்திருக்க வேண்டும்.

"மகாலிங்கம்."

விக்.

"செத்தவங்க நினைப்பாங்களா சாமி?"

"தெரியாதும்மா. நான் செத்ததில்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மடத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"ஸ்டெல்லா. கூட நைட் டியூட்டி பார்த்தவ. ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிடுவோம். ரிட்டயர் ஆனப்புறம் பேசணும் பேசணும்னே விட்டுப்போச்சு."

விக்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

விக்.

"உங்களுக்கு அவ்வளவுதான். விக்கலுக்கு இல்லை போலிருக்கு."

அவள் கீரைத் தண்டு ஒன்றை எடுத்து ஒடித்தாள். அதை இன்னும் சின்னதாக ஒடித்தாள். ஒடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபிறகு சொன்னாள்.

"ஒருத்தி இருக்கா. தங்கச்சி."

"பேரு?"

"அந்தப் பேரை நான் சொல்றதில்லை."

"வீட்டுக்காரர் பேரையே சொல்லிட்டீங்க."

"அது மரியாதைக்குச் சொல்லாதது. இது வேற."

சாமி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அம்மா அவகிட்டதான் இருந்தாங்க. அம்மா போனப்போ நான் நாகர்கோவில்ல வேலையில இருந்தேன். பஸ்ஸுல வந்துகிட்டே இருக்கேன், நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்கன்னு போன்ல கதறினேன். எடுத்துட்டா சாமி. நான் போய் இறங்கினப்போ வீட்டைக் கழுவி விட்டிருந்தாங்க. ஈரத் தரையைப் பார்த்துத்தான் அழுதேன்."

"ஏன் எடுத்தாங்களாம்?"

"சித்திரை வெயில். 'இனிமே தாங்காதுக்கா'ன்னு சொன்னா."

"நர்ஸம்மா என்ன சொல்றீங்க? தாங்குமா?"

தையல்நாயகி ஒடித்த தண்டுகளை விரலால் ஒதுக்கினாள்.

"தாங்காதுதான். ஆனா அன்னைக்கு நான் நர்ஸா போகலையே சாமி. மகளாத்தானே போனேன்."

விக்.

"அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் எப்படி இருந்தீங்க?"

"ஒரே போர்வையில படுத்தவங்க. குமரகுரு பிறந்தப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுல ராப்பகலா கிடந்தா. எங்க வீட்டுக்காரர் போனப்போ, வேண்டாம் வேண்டாம்னு தள்ளிவிடுவேன், வாயில சோத்தைத் திணிப்பா. எனக்கு எது நடந்தாலும் அவகிட்ட சொன்னாத்தான் சாமி அது நடந்த மாதிரி இருக்கும்."

"இப்போ?"

"இப்போ எனக்கு ஒண்ணும் நடக்கிறதில்லை."

இதைச் சொன்னபோது அவள் முகம் இன்னும் பத்து வயது கூடியதாகத் தெரிந்தது.

"அவங்க எங்க இருக்காங்க?"

"அதே வீட்லதான். மகளைக் கட்டிக்குடுத்தாச்சு, மக மஸ்கட் போயிட்டா. போன ஐப்பசியில தங்கச்சி புருஷனும் தவறிட்டாராம். ஊர்க்காரங்க சொன்னாங்க. நான் போகலை."

விக்.

"பேரைச் சொல்லுங்கம்மா."

உதடு இரண்டு தடவை கூடிப் பிரிந்தது. மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"அபிராமி."

இருவரும் காத்திருந்தார்கள். அடுப்படியில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

விக்.

"பாத்தீங்களா சாமி? அவ என்னை நினைக்கலை."

சிரிக்கத்தான் பார்த்தாள். அது அழுகையாக வந்தது. வயதை மறந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நடுநடுவே விக்கலும் வந்து கேவலோடு சேர்ந்துகொண்டது.

சாமி தடுக்கவில்லை. அழுகை ஓரளவு அடங்கியதும் கேட்டார்.

"அவங்க நினைக்கலை, சரி. நீங்க?"

"தினமும் சாமி. காலையில கண்ணு முழிக்கறப்பவே அவதான். எவ்வளவோ திட்டிப் பார்த்துட்டேன், போகமாட்டேங்கிறா."

சாமி எழுந்துபோய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். மடக் மடக்கென்று குடித்தாள். விக்கல் நின்றது.

"நீங்க தினமும் நினைக்கிறீங்கன்னா, அங்க தினமும் விக்குமேம்மா."

அவள் டம்ளரைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். சாமி கேட்டார்.

"அந்த வீட்ல தண்ணி எடுத்துக் குடுக்க யாரு இருக்கா?"