நார்த்தம்பூ ஜின்

பூவின் வாசனையை ஜின்னில் இறக்கும் வித்தையைக் கற்றுக்கொள்வதற்காக, ஞானாபரணம் தம் மகளின் வயதை ஒத்த ஒரு பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கோத்தகிரியில் இளவேனில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஞானாபரணம் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தேயிலைச் சாற்றை வாயில் உறிஞ்சி, ஒரு சுழற்றுச் சுழற்றித் துப்பிவிட்டு, அது எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. சபையில் மூப்பர். மனைவியை இழந்தவர்.

கதவைத் திறந்தவள் கிளாரா. புதுச்சேரியில் கடற்கரையோர ஓட்டல் ஒன்றின் மதுக்கூடத்தில் பல ஆண்டுகள் பானங்கள் கலந்து கொடுத்தவள். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்க்கும் கணவனுக்கு மாற்றல் வந்ததால் மலையேறியிருந்தாள்.

"சபை மூப்பர் என் வாசல்ல நிக்கிறீங்க! ஜெபத்துக்கா, நன்கொடைக்கா?"

"ஜின்னுக்கு" என்றார் ஞானாபரணம்.

கிளாரா சிரிக்கத் தொடங்கினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"உள்ளே வாங்க ஐயா."

அவர் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வர்ற ஞாயிறு இல்லை, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை என் மக ஹெப்சி வர்றா."

"சந்தோஷம்தானே?"

"அவ இங்க வந்து வருஷக்கணக்காச்சு."

பிறகு, அவள் கடைசியாக வந்து தங்கிய ஈஸ்டர் மாலையைப் பற்றிச் சொன்னார். அன்று வீட்டில் விருந்து. ஆண்கள் கூடத்தில் அமர்ந்து ரம் அருந்திக்கொண்டிருந்தார்கள். ஞானாபரணத்தின் கையிலும் ரம்தான். பெங்களூரில் வேலை பார்த்துவந்த ஹெப்சி, கொல்லையிலிருந்த நார்த்தை மரத்தின் பூக்களைப் பறித்து, தான் கொண்டுவந்திருந்த ஜின்னில் ஏதோ பக்குவம் செய்து, கண்ணாடிக் குவளைகளில் ஊற்றித் தட்டில் ஏந்தி வந்தாள். ஒவ்வொரு குவளையிலும் ஒரு வெள்ளைப் பூ மிதந்தது. முதல் குவளையை அப்பாவிடம் நீட்டினாள்.

"என்ன இது, ஒயின் ஷாப்பா? நீ என்ன சப்ளையரா?" என்றார் அவர்.

கூடமே சிரித்தது. ஹெப்சியும் சிரித்தாள். தட்டைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து, அத்தனை பேருக்கும் சோறு பரிமாறினாள். மறுநாள் முதல் பேருந்தில் போய்விட்டாள். அதன்பின் தாயின் அடக்கத்துக்கு வந்தாள், அன்றே திரும்பினாள். கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்வாள். அவ்வளவுதான் உறவு.

"அதே பானத்தை நான் என் கையால செஞ்சு அவளுக்குக் கொடுக்கணும், டீச்சரம்மா. நீங்க சொல்லித் தரணும்."

"டீச்சரம்மாவா! ஓட்டல்ல என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சரி, அதோட ருசி எப்படி இருந்துச்சு?"

"தெரியாது."

"ஒரு வாய்கூடவா குடிக்கலை?"

"இல்லை."

"குடிச்சுப் பார்க்காமலேயே சொல்லிட்டீங்க."

"சொல்லிட்டேன்."

"வாசனையாவது ஞாபகம் இருக்கா?"

"அது இருக்கு. மறுநாள் முழுக்கச் சமையல்கட்டுல நின்னுச்சு. 'தண்ணி ஊத்திக் கழுவித் தொலை'ன்னு என் சம்சாரத்தை அதட்டினேன்."

கிளாரா எழுந்து ஒரு காலிச் சாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பூ உங்க வீட்டு மரத்துலயே இருக்கு. ஜின் வாங்கிட்டு வாங்க."

ஜின் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. டாஸ்மாக் கடையின் கம்பிவலைக்கு முன்னால், மஃப்ளரால் மூக்குவரை மூடிக்கொண்டு நின்றார். "ஜின்னா? இங்க யார் பெரியவரே அதைக் கேட்கிறா?" என்று விற்பனையாளன் உரக்கக் கேட்டான். பின்னால் நின்றவன், "மூப்பரய்யா, தோத்திரம்" என்றான்.

முதல் நாள், கிளாரா திரும்பிப் பார்ப்பதற்குள் ஞானாபரணம் பூக்களைக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் கொட்டிவிட்டார். வெந்த கீரையின் மணம் எழுந்தது.

"ஐயா, என்ன காரியம் செஞ்சீங்க?"

"கொதிநீர் படாம வாசனை எப்படி இறங்கும்?"

"இது தேயிலை இல்லை. பாகைத் தனியா ஆற வெச்சு, கடைசியிலதான் சேர்க்கணும். பூவுக்குச் சூடே வேண்டாம். ஜின்னுல சும்மா கிடந்தாப் போதும்."

இரண்டாம் நாள், அவர் உள்ளங்கைகளுக்கிடையே பூக்களை வைத்துத் தேய்த்தார். ஆயுள் முழுவதும் இலையை உருட்டிப் பழகிய கை அது. பூ கறுத்தது.

"நசுக்காதீங்க ஐயா. அதுகிட்ட இருக்கிறதை அதுவாத் தரும்."

மூன்றாம் நாள், பூ ஊறிய ஜின்னை அவர் பெருத்த ஓசையுடன் உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, சன்னல் வழியாகக் கிளாராவின் ரோஜாப் பாத்தியில் துப்பினார். "கொஞ்சம் பச்சை வாடை. ஆனா வாசம் மேல நிக்குது" என்று தீர்ப்பும் கூறினார்.

கிளாரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என் செடிக்குப் போதை ஏறிடும். விழுங்குங்க ஐயா. துப்பிட்டா பாதிதான் தெரியும்."

"டேஸ்ட் பண்றவன் விழுங்க மாட்டான், டீச்சரம்மா. விழுங்கினா அடுத்த கோப்பையைப் பத்திச் சரியாச் சொல்ல முடியாது."

"இங்க அடுத்த கோப்பை கிடையாதே."

அவர் விழுங்கினார். கண்களில் நீர் கோத்துக்கொண்டது. ஜின்னின் காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"பூ எவ்வளவு நேரம் ஊறணும்?" என்று அவர் மற்றொரு நாள் காலையில் கேட்டார்.

கிளாரா ஒரே அளவு பூவையும் ஒரே அளவு ஜின்னையும் இரண்டு சாடிகளில் இட்டாள். ஒன்றை மதியத்தில் வடிகட்டினாள். மற்றொன்றை அப்படியே விட்டுவிட்டாள். மறுநாள் மாலை இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து அவரிடம் நீட்டினாள்.

முதல் கரண்டி, மழைக்குப் பின் நார்த்தை மரத்தடியில் நிற்பது போலிருந்தது. இரண்டாவது, நாக்கின் அடிவரை கசந்தது.

"ரெண்டும் ஒரே மரத்துப் பூவா?"

"ஒரே கிளை."

"இந்தக் கசப்பை எடுக்க வழி உண்டா?"

"கிடையாது."

"சர்க்கரையைக் கூட்டினா?"

"மறையும். போகாது."

ஞானாபரணம் தலையை ஆட்டினார். மதியத்திலேயே வடிகட்ட வேண்டும் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமையன்று அவர் கைகள் பழகிவிட்டிருந்தன. வடிகட்டிய ஜின், ஆறிய பாகு, எலுமிச்சைச் சாறு, ஐஸ் எல்லாவற்றையும் மூடிபோட்ட சாடியிலிட்டுக் குலுக்கினார். குவளையில் வடித்து, சிறிது சோடா சேர்த்து, மேலே ஒரு பூவை மிதக்கவிட்டார். கிளாரா வாங்கிப் பருகினாள். மீண்டும் பருகினாள்.

"ஐயா, இதை ஓட்டல்ல கொடுத்திருந்தா எனக்குச் சம்பளம் கூட்டியிருப்பாங்க."

அவருடைய கர்வம் நெடுநாளைக்குப் பின் முகத்தில் வந்து அமர்ந்தது. ஆயினும் கிளம்பாமல் நின்றார்.

"டீச்சரம்மா, இதைக் குடிச்சா அவளுக்கு என் மேல உள்ள வருத்தம் போயிடுமா?"

கிளாரா குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"குடிச்சா தாகம் போகும், ஐயா."

அதை அவர் வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டார். சிரித்தபடி படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை காலையில் அவர் மறுபடி வந்தபோது கிளாரா ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியிலேயே அமர்ந்துவிட்டார்.

"எங்க தப்பு பண்ணினேன்னு தெரியலை, டீச்சரம்மா."

"கசந்துடுச்சா?"

"இல்லை."

"இனிப்பு கூடிப்போச்சா?"

"எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு வாய் குடிச்சு, கண்ணை மூடிக்கிட்டா. 'அப்படியே இருக்குப்பா'ன்னு சொன்னா. அந்த வார்த்தையே சொன்னா. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சா."

"அப்புறம் என்ன?"

"பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிட்டா. ராத்திரி தங்கிட்டுப் போயேன்னேன். 'இல்லப்பா, இன்னொரு தடவை பார்க்கலாம்'னா. அவ குரல்ல கோபமே இல்லை. அதுதான் எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

கிளாரா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து அமர்ந்தாள்.

"அந்த ஈஸ்டரைப் பத்திப் பேசினீங்களா?"

"அதுக்குத்தானே பானத்தைக் கொடுத்தேன்? அவளுக்குப் புரிஞ்சிருக்கும்."

"வேற என்ன பேசினீங்க?"

ஞானாபரணத்தின் முகம் சற்றே மலர்ந்தது. "எல்லாம் சொன்னேன். வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே பூவைப் பறிச்சிடணும், சூடு காட்டக் கூடாது, நசுக்கக் கூடாது, மதியத்துக்குள்ள வடிகட்டிடணும். நான் உங்க பாத்தியில துப்பினதைக்கூடச் சொன்னேன். சிரிச்சா. பொறுமையா உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தா."

"அவ என்ன பேசினா?"

அவர் யோசித்தார்.

"அவ அதிகமாப் பேசலை."

"ஒண்ணுமே பேசலையா?"

"வந்ததும் வராததுமா, செருப்பைக்கூடக் கழட்டாம, 'அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும், அதுக்குத்தான் வந்தேன்'னா."

"என்ன விஷயம்?"

"அப்பத்தான் குவளையில ஊத்தி வெச்சிருந்தேன். 'இரும்மா, ஐஸ் கரையுது, முதல்ல இதைக் குடி'ன்னேன்."

"குடிச்சதுக்கு அப்புறம்?"

"குடிச்சதுக்கு அப்புறம்..." அவர் குரல் தானாகவே தணிந்தது. "குடிச்சதுக்கு அப்புறம் நான் பூவைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன்."

சாலையில் இலை மூட்டைகளை ஏற்றிய லாரி ஒன்று மேட்டில் முனகிக்கொண்டு போயிற்று.

அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். கிளாரா எழுந்து உள்ளே போக முயன்றாள். இருக்கும்படி கையைக் காட்டினார். நெடுநேரம் மணி அடித்த பிறகு அந்தப் பக்கம் குரல் வந்தது.

"சொல்லுங்கப்பா."

"ஊர் போய்ச் சேர்ந்துட்டியாம்மா?"

"சேர்ந்துட்டேம்ப்பா. ஆபீஸ்ல இருக்கேன்."

"நேத்து ஏதோ விஷயம் சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்லப்பா."

"சொல்லும்மா. இப்பச் சொல்லு. நான் கேட்கிறேன்."

"நேத்து உங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். காலையில நானே முடிவு பண்ணிட்டேன். விடுங்க. உடம்பைப் பார்த்துக்கோங்க." பிறகு, வைப்பதற்கு முன், அன்பாகவே சொன்னாள்: "ஜின் ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா."

ஞானாபரணம் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே இருந்தார். அதில் ஓசை எதுவும் இல்லை. பிறகு அதை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"ஐஸ் கரைஞ்சிடுமேன்னு பயந்துட்டேன், டீச்சரம்மா."

கிளாரா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஐஸ் நாளைக்கும் உறையும், ஐயா" என்றாள்.