சத்தம் போடாத வண்டி

வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கிற மலை ஒன்றில், நம் பக்கத்திலிருந்து போன சாமிமார்கள் கட்டிய சின்ன மடம் இருந்தது. கோடையில் யாத்திரைக்காரர்கள் வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். குளிர்காலத்தில் நாலு பேர்தான் மிஞ்சுவார்கள்.

மடத்துக்குத் தலைவி வடிவாம்பாள். நாற்பது வயதைத் தாண்டாதவர். எல்லோரும் அம்மா என்பார்கள். அவருடைய சீடர் தில்லைநாயகம், வயதில் அம்மாவுக்குச் சித்தப்பா மாதிரி. திண்டுக்கல் பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், பெண்சாதி போன பிறகு இங்கே வந்து ஒட்டிக்கொண்டார். சமையலுக்கு அங்குசாமி. விறகு, தண்ணீர், கடைகண்ணிக்குப் போய்வருவது எல்லாம் குழந்தைவேலு.

தில்லைநாயகத்துக்கு மடத்தில் பனிவண்டி ஓட்டுகிற வேலை. பனிவண்டிக்குச் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, அடியில் சுற்றி ஓடுகிற பட்டை, ஸ்கூட்டர் மாதிரி ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். ஹார்ன் என்று ஒன்றும் இல்லை. கீழே ரோடு முடிகிற இடத்தில் அரிசியும் மண்ணெண்ணெயும் வந்து இறங்கும். அதைக் கட்டி இழுத்து மேலே கொண்டுவருவார்.

அவருக்கு ஒரு விரதமும் இருந்தது. விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுதுவரை வாய் திறக்கமாட்டார். அது அம்மா கொடுத்த விரதம் இல்லை. அவராக எடுத்துக்கொண்டது.

பழைய வண்டி டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். கிளப்பினால் மலையே இருமுகிற மாதிரி இருக்கும். பின்னாலேயே நீலப்புகை வரும். கொண்டுவருகிற அரிசியைச் சோறாக்கினால் சோற்றிலும் அந்த வாடை அடிக்கும்.

"நாயகத்தண்ணே, உங்க மௌனம் எனக்கு மூணாவது வளைவுலயே கேட்டுருது" என்பான் அங்குசாமி. "அதைக் கேட்டுத்தானே நான் உலையில அரிசியே போடுறேன்."

குழந்தைவேலு விழுந்து விழுந்து சிரிப்பான். தில்லைநாயகத்துக்கு அது சுருக்கென்று குத்தும். காலை நேரமென்றால் பதிலும் சொல்ல முடியாது.

ஒருநாள் உச்சி சாய்ந்ததும் அம்மாவிடம் போனார்.

"அம்மா, நான் வாயை மூடிக்கிட்டு இருந்து என்ன புண்ணியம்? உக்காந்திருக்கிற வண்டி ஊருக்கே கத்துது."

"என்ன செய்யலாங்கறீங்க?"

"ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வந்திருக்குதாம். ஆயில் தனி, பெட்ரோல் தனி. புகை இல்லை, சத்தமும் இல்லை. கொஞ்சம் கனம் கூடுதல், அவ்வளவுதான். திருப்பூர்ல ஒருத்தர் வாங்கித் தர்றேன்னு சொல்றார்."

"பழைய வண்டி?"

"தேஞ்சு போச்சும்மா. எடைக்குப் போட்டுரலாம்."

"உங்க இஷ்டம்" என்றார் அம்மா.

புது வண்டி வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவே. அதையும் பனி குடித்துவிடும். தில்லைநாயகம் முதல்முறையாக அந்த மலையைக் காதால் கேட்டார். கிளையிலிருந்து பனி உதிர்வது கேட்டது. தன் மூச்சு தனக்கே கேட்டது. இத்தனை காலம் மௌனம் என்று நினைத்ததெல்லாம் மௌனமே இல்லை, இதுதான் மௌனம் என்று தோன்றியது.

அங்குசாமிக்குத்தான் கோபம். "பூனை மாதிரி வந்து வாசல்ல நிக்கிறீங்க. நான் இன்னும் அரிசியே களையல."

"எனக்கும் கஷ்டந்தாண்ணே" என்றான் குழந்தைவேலு. "திடல்ல காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன், ஒண்ணும் கேக்கல. பக்கத்துல வந்தப்பறம்தான் வண்டின்னே தெரியுது. ஏதோ பேய் வருதுன்னு நினைச்சேன்."

அப்போது காலை நேரம். தில்லைநாயகம் சிரித்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

திடல் என்பது பாதிவழியில் இருக்கிற வெட்டவெளி. ஒரு பக்கம் பாதை, இன்னொரு பக்கம் பெரும் பள்ளம். மூடுபனி இறங்கிவிட்டால் எது பாதை எது பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. கீழேயிருந்து நடந்து வருகிறவன் அங்கே நின்றுகொள்வான். வண்டிச் சத்தம் கேட்டதும் அந்தத் திசையைப் பார்த்து நடப்பான். அதுதான் அவர்களுக்குள் பழக்கம்.

தை மாதத்தில் ஒருநாள், அங்குசாமிக்கு நெஞ்சுச்சளி கட்டி மூச்சு வாங்கியது. மருந்து வாங்க விடியும் முன்னே குழந்தைவேலு நடந்து போனான். திரும்பும்போது திடலில் நிற்பதாகச் சொல்லிப் போனான்.

தில்லைநாயகம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது மூடுபனி இறங்கியிருந்தது. திடலில் நிறுத்தினார். விளக்கைப் போட்டார். எதிரில் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. எஞ்சினை முடுக்கிப் பார்த்தார். அது கனைத்துக்கூடக் காட்டவில்லை, லேசாக முனகியது.

வந்துவிடுவான் என்று நினைத்தார். எப்போதும் வந்துவிடுகிறவன்தானே.

வரவில்லை. கம்பளிக் கையை ஒதுக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். உச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இத்தனை வருஷம் காத்ததை இந்தக் கொஞ்சத்துக்காக விடுவானேன் என்று இருந்துவிட்டார்.

முள் உச்சிக்கு வந்ததும் வாயைத் திறந்தார். "குழந்தைவேலு" என்று கூப்பிட்டார். தொண்டை கட்டிப்போகும்வரை, பொழுது மங்கும்வரை கூப்பிட்டார்.

மறுநாள் மூடுபனி விலகியது. வண்டித் தடத்துக்குப் பக்கத்திலேயே, நம் வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் இருக்கிற தூரத்தில், காலடி கிடந்தது. அந்த இடத்தில் பனி மிதிபட்டுக் குழைந்திருந்தது. வெகுநேரம் நின்றிருக்கிறான். பிறகு காலடி வண்டிக்கு முதுகு காட்டித் திரும்பிப் போயிருந்தது. பள்ளத்து விளிம்போடு அது முடிந்தது.

பள்ளத்திலிருந்து தூக்கி வந்தபோது, அவன் மடியில் மருந்துப் பொட்டலம் நனையாமல் இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்தது. தில்லைநாயகம் சரியாகச் சாப்பிடுவதில்லை. வண்டியின் பக்கமே போவதில்லை. அங்குசாமி தட்டைக் கொண்டுவந்து எதிரில் வைப்பான்.

"ரெண்டு வாய் அள்ளிப் போடுங்கண்ணே. அவன் தலையெழுத்து அது. அன்னைக்கு மூடுபனி இறங்கணும்னு இருந்திருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"உனக்கு உடம்பு தேவலையா?"

"அவன் கொண்டுவந்த மருந்துதானே தின்னேன்" என்று சொல்லிவிட்டு அங்குசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கீழேயிருந்து வந்த சாமி ஒருவரும் கர்மவினை என்றுதான் சொல்லிப் போனார். அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குக் குழந்தைவேலுவின் வேலைகளைச் செய்தார். விறகு பிளந்தார், பனியை அள்ளி உருக்கித் தண்ணீர் வைத்தார்.

ஒருநாள் பிற்பகலில் தில்லைநாயகம் விறகுக் கொட்டகைக்கு வந்து நின்றார்.

"அம்மா, ஒரு அனுமதி வேணும்."

"கேளுங்க."

"இனிமே உச்சிவரைக்கும்னு கணக்கு வேண்டாம். கட்டையில போற வரைக்கும் வாயைத் திறக்காம இருந்துர்றேன்."

அம்மா கோடரியைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"தண்டனையா இருக்கட்டும்."

"யாருக்கு?"

தில்லைநாயகம் காலால் மரத்தூளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பழைய வண்டி இருந்திருந்தா அவன் பொழைச்சிருப்பாம்மா."

"ஆமா."

"அப்ப, மாத்தினதுதான் தப்பா?"

"பழைய வண்டியில போனப்ப அவனை யார் கூப்பிட்டது?"

"வண்டி."

"புது வண்டியில போனப்ப?"

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். கொட்டகையின் கூரையிலிருந்து பனி சரிந்து தொப்பென்று விழுந்தது.

"அங்குசாமி தலையெழுத்துங்கறான்" என்றார். "அந்தச் சாமி கர்மவினைங்கறார். நீங்க மட்டும் ஒண்ணும் சொல்லலையே அம்மா."

"நீங்க இன்னும் கேக்கலையே."

கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் வேறொன்றைக் கேட்டார்.

"அனுமதி?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று அம்மா கோடரியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்தபோது சன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. மடத்தைப் பாலில் போட்டு முக்கியது போல இருந்தது. தில்லைநாயகம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அங்குசாமி மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"அண்ணே, அம்மாவைக் காணோம். பனியில ஊன்றிப் போற தடியும் இல்லை."

தில்லைநாயகம் கண்ணைத் திறந்தார்.

"அடுப்புப் பலகையில கரியால எழுதி வெச்சிருக்காங்க. திடல்ல நிக்கிறாங்களாம். நீங்க வந்து கூட்டிக்கிட்டு வரணுமாம்." அவன் சன்னலைப் பார்த்தான். "போய் எவ்வளவு நேரமாச்சுன்னு தெரியலண்ணே. நான் சாமி கும்புட்டுக்கிட்டு இருந்தேன். உங்க விரதத்தை நான் ஒண்ணும் சொல்ல வரல. ஆனா, அண்ணே..."

அவன் சொல்லி முடிக்கும் முன்பே அவர் எழுந்துவிட்டார்.

வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. அதுதான் அவருக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நல்ல வண்டி. புகையில்லை, உதறல் இல்லை. கைப்பிடியைத் திருகத் திருக வழுக்கிக்கொண்டு போகிறது. தான் வருவது அதற்கே தெரியாது போல இருந்தது.

திடலில் நிறுத்தினார். நாலு பக்கமும் வெள்ளை. கீழேயும் மேலேயும் அதுவே. எஞ்சின் காலடியில் முணுமுணுத்தது. இறங்கிப் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தார். வண்டியையே காணவில்லை. பதறிப்போய்த் தடவித் தடவித் திரும்பினார்.

கை தானாகக் கம்பளியை ஒதுக்கிக் கடிகாரத்துக்குப் போனது. உடனே கடிகாரத்தைக் கழற்றினார். எறியக்கூடத் தோன்றவில்லை. அது கையிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தது.

வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. காலை நேரத்தில் பேசி வருஷக்கணக்காகிவிட்டது அந்தத் தொண்டைக்கு.

"அம்மா" என்றார். அவருக்கே கேட்கவில்லை.

"அம்மா" என்றார் மறுபடியும். "அம்மா, நான் நாயகம். இங்க நிக்கிறேன். இந்தப் பக்கம் வாங்க. இந்தப் பக்கம்."

பதில் இல்லை. அவர் நிறுத்தவில்லை. குழந்தையைத் திருவிழாவில் தொலைத்தவர்கள் கூப்பிடுவார்களே, அப்படிக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறை மூச்சு வாங்க நிறுத்தும்போதும் அந்த வெள்ளை வந்து காதை அடைத்தது. கூப்பிடக் கூப்பிட, தான் கூப்பிடுவது அம்மாவைத்தானா என்பதே அவருக்குக் குழம்பிப்போயிற்று.

வெகுநேரம் கழித்து, இடது பக்கம் பனி மிதிபடுகிற சத்தம் கேட்டது. தடி முதலில் தெரிந்தது. பிறகு அம்மா. போர்வை விறைத்துத் தகடு மாதிரி நின்றது. உதடு நீலம் பாரித்திருந்தது.

அவர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். தன் கம்பளியைக் கழற்றிப் போர்த்தினார். வண்டியில் ஏற்றிப் பின்னால் உட்காரவைத்தார். அம்மாவின் விரல்கள் மடங்கவில்லை. அவரே எடுத்துத் தன் இடுப்புத் துணியில் கோத்துவிட்டார்.

"வண்டி வந்து நின்னது தெரிஞ்சுதா அம்மா?"

"இல்லை."

"நான் கூப்பிட்டது?"

"மூணாவது தடவைதான் கேட்டுச்சு. அப்புறம் அதைப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன்."

"கூப்பிடாமலே நான் திரும்பிப் போயிருந்தா?"

அம்மாவுக்குப் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது.

தில்லைநாயகம் வண்டியை மடத்தின் பக்கம் திருப்பினார். மெல்ல ஓட்டினார். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி அது பாட்டுக்கு ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் கைப்பிடியைத் தளர்த்தினார். வண்டி நின்றது.

"அம்மா."

"சொல்லுங்க."

"அன்னைக்கு நான் குரல் குடுத்திருந்தா, குழந்தைவேலு வந்திருப்பானா?"

திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. 

"வந்திருப்பான்" என்றார் அம்மா. "வளைவு வருது. யாராவது நடந்து வருவாங்க. கூப்பிட்டுக்கிட்டே ஓட்டுங்க."