ஐந்தாவது வரி

ஒரு பரிசுக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இது ஒரு பழிக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதை. மூவரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. கதையின் கஷ்டமே அதுதான்.

மலையடிவாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதன் வாசலில் நாய்க்கடி பற்றி ஒரு பலகை இருந்தது. "விலங்குக்கடி வெளிப்பாட்டின் வகைப்பாட்டிற்கேற்ப உரிய நோய்த்தடுப்புச் சிகிச்சை மேற்கொள்ளப்படும்" என்று தொடங்கி இருபது வரிகள். யாரும் படித்ததில்லை. ஒரே வருடத்தில் அந்த வட்டாரத்தில் மூன்று பேர் நாய்க்கடிக்குப் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு, வீட்டிலேயே இருந்து இறந்துபோனார்கள்.

டாக்டர் மரகதவல்லிக்கு அது பொறுக்கவில்லை. துண்டறிக்கை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட தணிகாசலத்தை அழைத்துப் பலகையை மாற்றி எழுதச் சொன்னார். அவர் நான்கே வரிகள் எழுதினார்:

நாய் கடித்துவிட்டதா?
உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள்.
அன்றே இங்கே வாருங்கள். ஊசி இலவசம்.
சொல்லும் தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் படித்துவிட்டு, "நாய் நகத்தால பிறாண்டினாலும் ஊசி வேணும் சார். அதுக்கு ஒரு வரி போடுங்க" என்றார்.

"இன்னைக்கு நீங்க ஒரு வரி கேப்பீங்க. நாளைக்கு இன்னொரு டாக்டர் ஒரு வரி கேப்பார். மறுபடியும் இருபது வரி ஆயிடும் மேடம். ரோட்டுல நின்னு படிக்கிற மாதிரி எழுத்து பெருசா இருக்கணும். அஞ்சாவது வரிக்கு இடமில்லை."

டாக்டர் சிரித்துவிட்டார். வருகிறவர்களிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக் கையெழுத்திட்டார்.

தணிகாசலம் கவனமானவர். அச்சடிக்கும் முன் எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் தாளைக் காட்டி, "புரியுதாங்க?" என்று கேட்டார். அங்கே நின்ற மாதப்பன் கோழிப்பண்ணையில் வேலை செய்பவர். எட்டாவதோடு படிப்பை விட்டவர்.

"புரியாம என்ன சார்? எங்க வாத்தியாரு இப்படி எழுதிப் போட்டிருந்தா நானும் பத்தாவது பாஸாயிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பலகை வந்தது.

மாதப்பன் அந்த நான்கு வரிகளையும் மனப்பாடம் செய்துகொண்டார். கடிபட்டவர்களைத் தேடிப் போய்த் தன் மொபெட்டில் ஏற்றிவந்தார். "கம்பவுண்டர் வந்துட்டாருப்பா, யார நாய் கடிச்சுது?" என்று ஊரில் கேலி செய்தார்கள். ஒரு வருடத்தில் பதினோரு பேரைக் கொண்டுவந்தார். அந்த வருடம் அங்கே நாய்க்கடியால் யாரும் சாகவில்லை.

மாதப்பனுக்கு ஒரே மகள். பூவிழி, எட்டு வயது. தெருவிலிருந்து வந்த குட்டிநாய் ஒன்றை வளர்த்தாள். ஒருநாள் காலை அது அவள்மேல் பாய்ந்ததில், நகம் பட்டுக் கெண்டைக்காலில் நூல் போல ஒரு கோடு. இரண்டு சிவப்புப் புள்ளிகள். மாதப்பன் சோப்புப் போட்டு, செல்போனில் நேரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினார்.

"ஏங்க, எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி செல்லி.

மகளை மொபெட்டில் உட்காரவைத்துக்கொண்டு போனார். வாசலில் வண்டியை நிறுத்திப் பலகையை மறுபடி முழுசாகப் படித்தார்.

"ஒன்ன கடிக்கலதானே பாப்பா?"

"இல்லப்பா. நகம்தான் பட்டுச்சு."

"அப்ப ஊசி இல்ல."

அவள் கைதட்டினாள். வண்டி திரும்பியது. பத்தடி தள்ளி உள்ளே டாக்டர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே குட்டிநாய் காணாமல் போயிற்று. லாரியில் அடிபட்டிருக்கும் என்று நினைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, தண்ணீர் டம்ளரைக் கண்டு பூவிழி அலறினாள். வெறிநாய்க்கடி நோய் வந்தபின் அதற்கு மருந்து கிடையாது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து மாதப்பன் டாக்டரிடம் வந்தார். செய்தி கேட்டுத் தணிகாசலமும் வந்திருந்தார்.

"அதுல எந்த வரிய நான் சரியாப் படிக்கல, டாக்டரம்மா?"

டாக்டர் நிமிரவில்லை. "எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன். பழி என்னோடது" என்றார்.

"வேண்டாம்னு தள்ளினவன் நான். என்னோடது" என்றார் தணிகாசலம்.

மாதப்பன் தலையாட்டினார். "வாசல் வரைக்கும் வந்தவன் நான்தானே. பழைய போர்டா இருந்தா எனக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. உள்ள வந்து கேட்டிருப்பேன்."



பழைய பலகை மூன்று பேரைக் காப்பாற்றவில்லை. புதிய பலகை பதினோரு பேரைக் கொண்டுவந்தது. ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பியது. இந்த மூவரில் பழி யாருடையது?

விடை: மாதப்பனுடையது அல்ல. எழுதியதை அவரைப்போல் யாரும் முழுசாக நம்பியதில்லை. அதைக் குற்றம் என்றால் இனி எதற்காக எழுதுவது? டாக்டருக்கும் ஒரு பங்கு உண்டு. உள்ளே வருகிறவர்களிடம் சொல்லலாம் என்று நினைத்தார், சொல்லவேண்டியது வராதவர்களிடம். ஆனால் பெரும்பங்கு தணிகாசலத்துக்கே. எளிமையாக எழுதியதற்காக அல்ல. "புரியுதா" என்று கேட்டவர், "உங்க பிள்ளைய நாய் பிறாண்டினா என்ன செய்வீங்க?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாதப்பன் அன்றே, "ஒண்ணும் செய்யமாட்டேன்" என்று சொல்லியிருப்பார். இருவரும் வாதாடிய ஐந்தாவது வரிகூடத் தேவைப்பட்டிருக்காது. முதல் வரியில், "கடித்துவிட்டதா, பிறாண்டிவிட்டதா?" என்று ஒரு சொல் கூடியிருந்தால் போதும். விடை சரிதான் என்றே நினைக்கிறேன். ஆனால் மாதப்பனிடம் இன்றுவரை யாரும் இதைச் சொல்லவில்லை. ஒரு சொல்தான் குறைந்தது என்று அந்தத் தகப்பனிடம் எந்தச் சொல்லால் சொல்வது?