பின்னால் கேட்ட காலடி

குளக்கரைப் புதரில் ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். நடந்தால் அவள் முட்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கும். அதனால் காட்டில் எல்லோரும் அவளைச் சலங்கை என்று கூப்பிட்டார்கள். அவளுடைய ஒரே அக்கா குன்றுக்கு அந்தப் பக்கம், இலுப்பைத் தோப்பில் இருந்தாள்.

குன்றைத் தாண்ட ஒரே வழிதான். இரண்டு பாறைகளுக்கு நடுவே போகும் கணவாய் அது. வருடம் முழுக்க யானைகள் அங்கேயே கிடக்கும். இலுப்பை பூக்கும்போது ஒரே ஒரு காலைப்பொழுது மட்டும் அவை மற்றவர்களுக்கு வழி விடும். புல்லில் பனி காய்வதற்குள் ஓடிக் கடந்துவிட வேண்டும். பனி காய்ந்துவிட்டால் அடுத்த பூவுக்குத்தான்.

தோப்பிலேயே தங்கிவிடலாம் என்று போன வருடம் அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் ஓடினார்கள். பாதி வழியில் பின்னால் ஒரு மான் ஓடி வந்தது. பின்னால் காலடி கேட்டால் முள்ளம்பன்றிக்கு ஒரே வேலைதான் தெரியும். நிற்கும், முட்களை விரிக்கும். சலங்கையும் நின்றாள். மான் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனது. அடுத்து முயல் வந்தது, மறுபடி நின்றாள். மயில்கள் வந்தன, அதற்கும் நின்றாள். அக்காவுக்குக் காது மந்தம். பின்னால் யார் வருகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது, தங்கை வராமல் போனதும் தெரியாது. அக்காவின் கலகலப்பு பனிக்குள் போய், கனவில் கேட்கிற சத்தம்போலத் தேய்ந்து, இல்லாமலே போய்விட்டது. பிறகு யானைகள் வந்துவிட்டன. சலங்கை அன்று அழுத அழுகை குளத்து மீன்களுக்குத் தெரியும்.

இந்த வருடம் மழை விட்டதுமே அவள் ஓடிப் பழக ஆரம்பித்தாள். முதல் நாளே தலைதெறிக்க ஓடினாள். பக்கத்துப் புற்றுவரைகூடப் போகவில்லை, மல்லாந்துவிட்டாள். மேகங்கள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு மூச்சே வாங்கவில்லை.

புற்றிலிருந்து தவிடன் என்ற கீரி தலையை நீட்டினான். வாயாடி என்றால் அப்படி ஒரு வாயாடி. என்ன விஷயம் என்று நச்சரித்து, அக்கா கதை முழுவதையும் கேட்டுவிட்டு, மறுநாள் முதல் கூடவே ஓடத் தொடங்கினான். அவன் ஏதாவது கேட்டுக்கொண்டே ஓடுவான், அவள் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அவனுக்குக் கோபம் வரும்.

"பேச முடியலையா? அப்ப வேகம் ஜாஸ்தி. குறைச்சுக்க" என்பான்.

அப்படிப் பேசிப் பேசியே அவர்கள் புற்றைத் தாண்டினார்கள். பிறகு மூங்கில் காட்டைத் தாண்டினார்கள். கடைசியில் குளத்தை முழுதாகச் சுற்றி வந்தார்கள். விடியற்காலையில் குளம் முழுக்கப் பனி மூடியிருக்கும், கரை எது தண்ணீர் எது என்று தெரியாது. அவள் மூச்சும் முள் சத்தமும் மட்டும் கேட்கும். ஓடுவது தான்தானா என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வரும். அந்த நேரம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பின்னால் காலடி கேட்டால் நிற்கிற பழக்கம்தான் போகவில்லை. தவிடன் தன்னையே பணயம் வைத்தான். தினமும் அவள் பின்னால் ஓடி வந்தான். அவள் பட்டென்று நின்றாள், அவன் மூக்கில் முள் ஏறியது. மறுநாளும் ஏறியது.

"சத்தம் கேட்டா ஓரமா ஒதுங்கு. வழியை விடு. ஆனா கால் மட்டும் நிக்கக் கூடாது" என்று மூக்கைத் தடவிக்கொண்டே சொன்னான்.

அவன் மூக்கு ஆறிய நாளில் அவளுக்கும் பழகிவிட்டது.

அவள் அப்படி நின்றுகொண்டிருந்த நாட்களில் புதருக்குள்ளிருந்து ஒரு குள்ளநரி பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் கோணையன். தோப்புக்குப் போகிறவர்கள் குறைந்தால் தனக்குப் பூ கூடும் என்பது அவன் நினைப்பு. இந்த முள்ளம்பன்றியை நிறுத்த ஒரு காலடிச் சத்தம் போதுமே என்று சிரித்துக்கொண்டான்.

அந்தக் காலை வந்தது. எல்லோரும் ஓடினார்கள். மான் வந்தது, சலங்கை ஒதுங்கி வழி விட்டாள். முயலுக்கும் மயில்களுக்கும் விட்டாள். தவிடனையும் அவன் வேகத்தில் போகச் சொன்னாள். பனிக்குள் தனியாக ஓடினாள்.

பின்னால் ஒரு காலடி கேட்டது. ஒதுங்கினாள். அது தாண்டவில்லை. மூச்சு இரைந்தது, பிறகு சிறுத்தை மாதிரி ஓர் உறுமல் வந்தது. அவள் முட்கள் தாமாகவே எழுந்தன. கால்கள் தயங்கின. பயத்தில் அழுகையே வந்துவிட்டது.

'சிறுத்தையா இருந்தா இந்நேரம் பாய்ஞ்சிருக்குமே' என்று நினைத்தாள். 'பாயவும் இல்லை, தாண்டவும் இல்லை. இது என்னை நிறுத்தத்தான் வந்திருக்கு.'

அவள் நிற்கவில்லை. கோணையன் வலப்பக்கப் புதருக்கு ஓடி உறுமினான். இடப்பக்கம் தாவி உறுமினான். அவள் ஒரு பங்கு ஓடினால் அவன் இரண்டு பங்கு ஓடினான். போகப் போக உறுமல் தேய்ந்து வெறும் இருமலாகிவிட்டது.

"தொண்டை கட்டிடுச்சா அண்ணே? வழி இருக்கு, போங்க" என்றாள் சலங்கை, திரும்பாமலே.

ஏற்றத்தின் அடியில் கோணையன் நாக்கைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டான். எதிரே புல்லில் பனி காய்ந்துகொண்டிருந்தது. அவனுக்கு எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லை.

ஏற்றத்தில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. சலங்கை அக்காவிடமே பேசிக்கொண்டு ஏறினாள். மூச்சு முட்டியபோது வேகத்தைக் குறைத்தாள், மறுபடி பேசினாள். பாறைகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்த பிறகுதான், பின்னால் யானைகள் இறங்கும் சத்தம் கேட்டது.

தோப்பில் இலுப்பைப் பூக்கள் ஓசையில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. காற்றே இனித்தது. பூக்களுக்கு நடுவே அக்கா முதுகு காட்டி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். சலங்கை பின்னால் நின்று முட்களைக் கலகலவென்று ஆட்டினாள். அக்காவுக்குக் கேட்கவே இல்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

அக்கா வாயில் இருந்த பூவைக் கீழே போட்டாள்.

"பின்னாடியேதானேடி வந்துக்கிட்டிருந்தே. எங்கடி நின்னுட்டே?" என்றாள்.

பின்னால் கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால், நமக்காக முன்னால் காத்திருப்பவரிடம் போய்ச் சேரவே முடியாது.