குடி மாறினால் ஓட்டும் மாறும்

சுண்டைக்காய்ப்பாளையத்தில் மூளைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏராளமாக இருந்தது. எடுத்துச் செலவழிக்க யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஊரில் தெரு இரண்டே இரண்டு. வடக்குத் தெருவில் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு, அத்தனையும் செங்கோடனுக்கு. தெற்குத் தெருவில் நூற்று நாற்பது, அத்தனையும் காளியண்ணனுக்கு. ஊராட்சித் தலைவர் தேர்தலில் செங்கோடன் மூன்று தடவை நின்று மூன்று தடவையும் தோற்றார். முன்கூட்டியே வாங்கி வைத்த மாலையை மூன்று தடவையும் ஆடுதான் தின்றது. அந்த நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று பாவம், மனுஷனுக்கு அப்படியொரு ஏக்கம்.

நாலாவது தேர்தல் வந்தபோது, அமெரிக்காவில் இருக்கும் அவர் மச்சினன் போனில் பேசினான்.

"எங்க மாநிலத்துல ஒருத்தன் குடியிருக்கற எடத்தைச் சொன்னாப் போதும் மாமா, அவன் எந்தக் கட்சிக்குப் போடுவான்னு சொல்லிப்போடலாம். பட்டணம்னா ஒரு கட்சி, காட்டுப்பக்கம்னா இன்னொரு கட்சி. இப்பப் பட்டணத்துல ஜனம் பெருகிப்போச்சு, முடிவும் மாறிப்போச்சு."

செங்கோடனுக்குப் பொறி தட்டியது. அப்படியானால் ஓட்டுப் போடுவது ஆள் இல்லை, இடம்! இது தெரியாமல் மூன்று தேர்தலாக வீடு வீடாகப் போய்க் கும்பிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். உடனே தன் ஆட்கள் பொங்கியண்ணனையும் மாரப்பனையும் கூப்பிட்டார்.

"தெற்குத் தெரு ஜனத்தை வடக்குத் தெருவுக்குக் குடியேத்தணும்."

"ஏனுங்க, வடக்குத் தெருவுல காலி வீடு ஏதுங்க?" என்றான் பொங்கியண்ணன்.

"நாம காலி பண்ணிட்டு அவங்க வீட்டுக்குப் போயிருவோம்."

மாரப்பனுக்கு வேறு கவலை. "என் வீட்டுக்கு ரெண்டு தெருவுலயும் வாசல் இருக்குதுங்களே. நான் எந்தத் தெருங்க?"

"தலை எந்தப் பக்கம் வெச்சுப் படுப்பே?"

"தலை வடக்கால, காலு தெக்காலங்க."

"மை வெக்கறது வெரலுலதானே? கை எந்தப் பக்கம் கெடக்கும்?"

"தூக்கத்துல அதை யாருங்க பாத்தா?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் வடக்கு வாசலைச் செங்கல் வைத்து அடைப்பது என்று முடிவானது.

வடக்குத் தெருவில் தினமும் குழாய்த் தண்ணீர் வரும். வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றதும் தெற்குத் தெருக்காரர்கள் பாய் தலையணையோடு ஓடி வந்தார்கள். முதல் ஆளாக வந்த காளியண்ணன் செங்கோடன் வீட்டிலேயே பால் காய்ச்சிவிட்டார்.

"நல்லா இருக்குது போங்க, எதிராளிக்கு வீட்டைக் குடுத்து ஜெயிக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள் செங்கோடனின் மனைவி பாவாத்தாள்.

தேர்தல் நாள் வந்தது. சுண்டைக்காய்ப்பாளையத்தார் நியாயம் தவறாதவர்கள். எந்தத் தெருவில் இருக்கிறோமோ அந்தத் தெரு வழக்கப்படிதானே ஓட்டுப் போட வேண்டும்? வடக்கே போன நூற்று நாற்பது பேரும் செங்கோடனின் பூட்டுசாவிச் சின்னத்துக்குக் குத்தினார்கள். காளியண்ணனும்தான். தெற்கே போன நூற்றுப் பன்னிரண்டு பேரும் காளியண்ணனின் கத்தரிக்காய்க்குக் குத்தினார்கள்.

செங்கோடன் முத்திரையைக் கையில் பிடித்தபடி பூட்டுசாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அவர் இப்போது தெற்குத் தெருக்காரர் ஆயிற்றே! கண்ணை மூடிக்கொண்டு கத்தரிக்காய்க்குக் குத்திவிட்டு வந்தார்.

ஓட்டு எண்ணி முடிந்தது. வடக்குத் தெருவில் ஒரே வெடிச் சத்தம். காளியண்ணன் தோள் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினார்.

"அண்ணா, இந்தத் தடவையும் தோத்துட்டமுங்க!" என்று பொங்கியண்ணன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். செங்கோடனும் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்து, ஒரு மனு எழுதிக்கொண்டு நேராகத் தேர்தல் அதிகாரியிடம் போனார்.

"மறுபடியும் எண்ணணுமுங்க."

"உங்க பேரு?"

"செங்கோடனுங்க."

"ஐயா, ஜெயிச்சதே நீங்கதானே!"

"ஜெயிச்சது செங்கோடனுங்க. நான் தெற்குத் தெரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அவர். "அந்த ஆளு மூணு தடவை மண்ணைக் கவ்வினவன். இந்தத் தடவை மட்டும் எப்படிங்க ஜெயிப்பான்? என்னமோ தில்லுமுல்லு பண்ணியிருக்கான். அவனை நாற்காலியில உக்கார விடமாட்டோம்!"