பருந்து ராசாவின் மன்னிப்பு இறகு

பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பருந்துதான் ராசா. யாராவது தப்புச் செய்தால் பறவைகள் கூடி விசாரித்துத் தண்டனை சொல்லும். தண்டனை அதிகம் என்று தோன்றினால் ராசா தன் இறகு ஒன்றைப் பிடுங்கித் தப்புச் செய்தவர் தலையில் போடுவார். இறகு விழுந்துவிட்டால் மன்னிப்புத்தான். அதற்குமேல் யாரும் அவரைத் தொடக் கூடாது.

நல்ல வழக்கம்தான். பசி பொறுக்காமல் கொக்கின் மீனைத் திருடிய மீன்கொத்தி அப்படித்தான் பிழைத்தது.

ஒருநாள் புறாவின் குஞ்சைக் காணவில்லை. ராசாவின் அலகில் அதன் தூவி ஒட்டியிருந்தது. கூட்டம் கூடியது. ராசா சாவகாசமாக ஓர் இறகைப் பிடுங்கித் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார்.

“என்னை நானே மன்னிச்சாச்சு. போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க.”

ராசா இன்னோர் இறகையும் பிடுங்கி வைத்தார்.

“இது எதுக்கு ராசா?” என்று கேட்டது கரிச்சான். அது பிளந்த வால் வைத்த சின்னக் கறுப்புக் குருவி.

“நாளைக்கு உன் கூட்டுப் பக்கம் வரலாம்னு இருக்கேன். அதுக்கும் இப்பவே மன்னிச்சு வெச்சுட்டேன்.”

கூட்டில் கரிச்சானுக்குக் கண் திறக்காத குஞ்சு ஒன்று இருந்தது. ஆனாலும் கரிச்சான் குரலை உயர்த்தவில்லை.

“உங்க உடம்பு முழுக்க உங்க இறகுதானே ராசா? அதுவே உங்களுக்கு மன்னிப்புன்னா, நீங்க பிறந்ததிலேருந்து தப்பே செய்யலை. அப்புறம் எதுக்கு வலிக்க வலிக்கப் பிடுங்கறீங்க?”

காக்கா களுக்கென்று சிரித்துவிட்டது.

“வாயை மூடு. நான் ராசா.”

“ராசாதான், யார் இல்லேன்னா? ஆனா அந்த இறகு அடுத்தவங்க தலைக்கு, அதுவும் செஞ்சு முடிச்ச தப்புக்கு. உங்க தலைக்கும் இல்லை, நாளைய தப்புக்கும் இல்லை.”

நாளை வரைக்கும் பருந்து காத்திருக்கவில்லை. அப்போதே கரிச்சானின் கூட்டை நோக்கிப் பாய்ந்தது.

இறகு இருந்த தலையை அதுவரை யாரும் தொட்டதில்லை. கரிச்சான் தொட்டது. தொட்டதென்ன, பின்னாலேயே பறந்து பிடரியில் நறுக்கென்று கொத்தியது. இரண்டு இறகும் காற்றோடு போயின. பருந்து உதவிக்குக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் அசையவில்லை. அடுத்த கொத்து விழுந்ததும் எடுத்தது ஓட்டம், மலைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நின்றது.

புறா மெல்லக் கேட்டது: “அக்கா, உன் மரத்துல எனக்கும் ஒரு கிளை குடுப்பியா?”

“வா, வந்து கட்டு. சுள்ளியை மட்டும் என் தலையில போட்டுடாதே.”

அத்தனை பெரிய பருந்து இத்தனூண்டு கரிச்சானைக் கண்டு ஓடுவதும், கரிச்சான் இருக்கும் மரமாகப் பார்த்துப் புறா கூடு கட்டுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.